சுதந்திரப் பிரகடனத்தைக் குழுவாக வாசிப்பது எப்படி: திருகோணமலை வாசகருக்கு ஒரு வழிகாட்டி

1776 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது இரண்டாம் பந்தியின் முதல் வாக்கியம் மட்டுந்தான்: எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், வாழ்வு, சுதந்திரம், மகிழ்ச்சியை நாடுதல் ஆகிய உரிமைகள் அவர்களுக்கு உண்டு என்பது. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளும் அதை மனனம் செய்துவிட்டு மிச்சத்தைத் தொடாமல் விடுகிறார்கள். அந்த ஆவணமோ நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் வழக்குரை போலக் கட்டப்பட்டது. கோட்பாடு, குற்றச்சாட்டு, கேட்கும் நிவாரணம் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் மற்றது விளங்காது.

8 முதல் 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ ஒரு நீள மேசை இருந்தால் நல்லது. மூலம் ஏறத்தாழ 1,320 சொற்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வலப்புறம் பாதியை வெறுமையாக விட்டு அச்சிட்டு, ஆளுக்கொரு போட்டோக்கொப்பி கொடுங்கள். தமிழ் எழுதப்போவது அந்த வெற்றிடத்தில்தான். ஆயத்தமான மொழிபெயர்ப்பை முதலில் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் எல்லோரும் அதையே வாசிப்பார்கள், சொல்லோடு மல்லுக்கட்டும் வேலை நடக்காது.

கடைசிப் பந்தியில் தொடங்குங்கள். போர் தொடுக்க, சமாதானம் செய்ய, நட்புறவு ஒப்பந்தம் செய்ய, வணிகம் நடத்த முழு அதிகாரம் உண்டு என்று அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அங்கே அறிவிக்கிறார்கள். பிரித்தானியாவிலிருந்து பிரிவதென்ற தீர்மானம் ஜூலை 2 ஆம் திகதியே நிறைவேறிவிட்டது. ஜூலை 4 இல் ஏற்றது அதற்கான காரணங்களைச் சொல்லும் ஆவணத்தை. யாருக்குச் சொல்கிறார்கள்? பக்கச்சார்பற்ற உலகுக்கு. கிளர்ச்சிக்காரருடன் எந்த அரசும் ஒப்பந்தம் செய்யாது, நாடு என்று சொல்லிக்கொண்டால்தான் பேச வரும். 1778 பெப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கருடன் ஒப்பந்தம் செய்து, பிரித்தானியாவுக்கு எதிரான போரில் சேர்ந்தது. 1780 கடைசியில் பிரித்தானியா ஒல்லாந்தர் மீதும் போர் அறிவித்தது. அந்தப் போர் நம் ஊருக்கே வந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் அதை அவர்களிடமிருந்து பறித்தார். செப்ரெம்பர் 3 ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் மோதின. கோணேசர் கோயிலுக்கு நாம் நுழையும் கோட்டை வாசல், பிலடெல்பியாவில் அச்சான அந்த ஒற்றைத் தாளின் விளைவைக் கண்ட வாசல். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு வாசித்தால் கடைசிப் பந்தி உயிர் பெறும்.

அடுத்தது குற்றச்சாட்டுகள். எண்ணச் சொல்லுங்கள். ஒரு குழுவுக்கு 18 வரும், இன்னொன்றுக்கு 27 வரும், சண்டை தொடங்கும். இரண்டும் சரி. ‘ஹீ ஹாஸ்’ என்று தொடங்குபவை 17, ‘ஹீ இஸ்’ ஒன்று, ஆகமொத்தம் 18. பதின்மூன்றாவது குற்றச்சாட்டுக்குக் கீழே ‘ஃபோர்’ என்று தொடங்கும் 9 உட்பிரிவுகள் வருகின்றன; அவற்றையும் சேர்த்தால் 27. பாடப் புத்தகத்தில் பெரிதாகப் பேசப்படும் வரி விவகாரம் அந்த ஒன்பதில் ஒன்று மட்டுமே. மூன்று நிறப் பென்சில் எடுத்து, சட்டவாக்கத்தைத் தடுத்தவை, நீதியைக் கெடுத்தவை, படையை ஏவியவை என்று கோடிடச் செய்யுங்கள். எது அதிகம் என்று பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாராளுமன்றம் என்ற சொல் எங்கேயும் வராததையும் கவனிக்கச் செய்யுங்கள். ‘மற்றவர்களுடன் சேர்ந்து’ என்றும், பின்னர் பிரித்தானியரைப் பற்றிப் பேசும்போது ‘அவர்களுடைய சட்டமன்றம்’ என்றும்தான் வருகிறது. தங்கள் மேல் பாராளுமன்றத்துக்கு அதிகாரமே இருந்ததில்லை, இருந்த ஒரே கட்டு பிரித்தானிய மன்னர் மூன்றாம் ஜோர்ஜுடனானது என்பது அவர்கள் வாதம். அறுக்க வேண்டியது அந்த ஒரு கட்டை மட்டும் என்பதால் குற்றவாளிக் கூண்டில் மன்னர் தனியே நிற்கிறார்.

இங்கே தமிழ் ஒரு முடிவைக் கேட்கும்: அவரா, அவனா? ஆங்கிலத்தில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. ‘அவன்’ என்று எழுதினால் வசவாகிவிடும், வாதத்தின் கனம் போய்விடும். ‘அவர்’ என்றே எழுதுங்கள். ஆங்கிலத்தில் அடி வாக்கியத்தின் தலையில் விழுகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் வாலில் விழும். தலையில் ‘அவர், அவர்’ என்று அடுக்கினால் மொழிபெயர்ப்பு நொண்டும். முடிவை ஒத்து வைத்து இப்படி எழுதிப் பாருங்கள்: “எங்கள் கடலைச் சூறையாடினார், கரையோரங்களைப் பாழாக்கினார், ஊர்களை எரித்தார், மக்களின் உயிரைப் பறித்தார்.” எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். கண்ணால் மட்டும் வாசித்தால் அந்த அடுக்கு காதில் விழாது.

இதற்குப் பிறகுதான் இரண்டாம் பந்தி. கூடுதல் நேரம், ஐம்பது நிமிடமாவது, இங்கே போகட்டும். இந்த உண்மைகள் ‘மறுக்கமுடியாதவை’ என்று எழுதுவது வழக்கமான பிழை. பிரகடனத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சனின் முதல் வரைவில் ‘புனிதமானவை, மறுக்கமுடியாதவை’ என்ற பொருளில்தான் இருந்தது. அதை அடித்துவிட்டு ‘தாமே விளங்குபவை’ என்று மாற்றினார்கள். மறுக்கமுடியாதவை என்று நாம் எழுதும்போது அடித்த சொல்லைத் திரும்பக் கொண்டுவருகிறோம். உரிமைக்கு வரும் அடைமொழிக்கும் அதே சொல்லைப் போடுவது அடுத்த பிழை. அதற்கு நல்ல சொல் நம் வீட்டு அலுமாரியில் கிடக்கிறது. காணி உறுதியில் நொத்தாரிசு ‘பராதீனப்படுத்த’ என்று எழுதுவாரே, அதுதான். பராதீனப்படுத்த முடியாத உரிமை என்றால், உரியவரே விரும்பினாலும் விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாத உரிமை. மகிழ்ச்சி என்ற சொல்லில் நெடுநேரம் நிற்க வேண்டாம். மகிழ்ச்சியை நாடும் உரிமையே சொல்லப்படுகிறது, மகிழ்ச்சிக்கு உத்தரவாதம் கிடையாது.

‘மனிதர்’ என்பது கவனமாகக் கையாள வேண்டிய சொல். ஆங்கில மூலத்தில் அது ஆண்களைக் குறிக்கும் சொல்லும் கூட. 1848 இல் அமெரிக்காவின் செனெகா ஃபோல்ஸில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் பெண்கள் அதே வாக்கியத்தை எடுத்து ‘ஆண்களும் பெண்களும்’ என்று மாற்றியபோது அது சாட்டையடியாக விழுந்தது. நம் ‘மனிதர்’ இருபாலையும் அடக்குவதால் அந்த அடி தமிழில் தெரியாமலே போகும். ஓரத்தில் குறிப்பு எழுதி வையுங்கள்.

கடைசியாக, ஆங்கில ‘வீ’ தமிழில் நாமா, நாங்களா? தமிழுக்கு இருக்கும் இந்தக் கூர்மை ஆங்கிலத்துக்கு இல்லை. ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் வெளியே. குழுவை இரண்டாகப் பிரித்து வாதிட விடுங்கள். வாதம் சூடேறும்போது இரண்டு விடயங்களை மேசையில் வையுங்கள். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பந்தியை, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் வெட்டியது. அவரோ தாமே அடிமைகளை வைத்திருந்தவர். பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்று சொல்லும் வரி வெட்டுப்படாமல் இன்றும் நிற்கிறது.

நேரம் மிஞ்சினால் பிற பிரகடனங்களைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எதை எடுத்தது, எதை விட்டது? 1945 செப்ரெம்பர் 2 இல் ஹனோயில் வியட்நாம் தலைவர் ஹோ சி மின் அமெரிக்க வாக்கியத்தோடு தொடங்கி, தனிமனிதருக்குச் சொன்னதை உலகின் எல்லா மக்களினங்களுக்கும் விரித்தார். 1930 ஜனவரி 26 இன் இந்தியப் பூரண சுயராஜ்ய உறுதிமொழி, அரசை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்குள்ள உரிமையை எடுத்தது. 1965 இல் ரொடீசியாவின் (இன்றைய சிம்பாப்வே) வெள்ளைச் சிறுபான்மை அரசு தொடக்க நடையை அப்படியே பின்பற்றிவிட்டு, சமத்துவத்தையும் ஆளப்படுவோரின் சம்மதத்தையும் விட்டுவிட்டது. விட்டதைத் தேடக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நம் நாட்டுக்கு இப்படியொரு பிரகடனம் இல்லை. 1948 பெப்ரவரி 4 இல் நடைமுறைக்கு வந்தது பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய 1947 ஆம் ஆண்டின் இலங்கைச் சுதந்திரச் சட்டம். அதில் குற்றச்சாட்டும் இல்லை, ‘நாங்கள்’ என்ற குரலும் இல்லை. அதோடு 1947 நவம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி பிரித்தானியக் கடற்படை 1957 வரை நம் துறைமுகத்திலேயே இருந்தது. பிரகடனத்தின் கடைசிப் பந்தியிலுள்ள நான்கு அதிகாரங்களைக் கரும்பலகையில் வரிசையாக எழுதுங்கள். 1948 இல் எவை கைக்கு வந்தன, எது ஏறத்தாழப் பத்தாண்டு பிந்தியது என்று ஒவ்வொருவரையும் எழுந்து வந்து குறிக்கச் சொல்லுங்கள்.