மின்தடை நீண்டால் முறையிடும் வழி
பல்லடத்தில் விசைத்தறி நின்றாலும், பொள்ளாச்சித் தோப்பில் பம்புசெட் ஓடாவிட்டாலும், முதலில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணையும், மின்சாரம் நின்ற நேரத்தையும், திரும்பிய நேரத்தையும் நாட்குறிப்பில் உடனுக்குடன் எழுதி வையுங்கள். பின்னாளில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் குறிப்புதான்.

ஃப்யூஸ் போவது, மின்மாற்றி பழுதாவது என ஒவ்வொன்றுக்கும் சரிசெய்யும் காலக்கெடுவைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2004ஆம் ஆண்டிலேயே வகுத்திருக்கிறது. கெடு தவறினால் இழப்பீடு கோரலாம் என்பது பலருக்குத் தெரியாமலே போவது வருத்தமளிக்கிறது. புயல், வெள்ளம் போன்ற பேரிடர்களுக்கு விலக்கு உண்டு என்பதால், தடைக்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

தீர்வு கிட்டாவிட்டால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி அமைந்த நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கும் மறுக்கப்பட்டால், சென்னையிலுள்ள மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.