குழந்தைகளுடன் கடற்கரைக்கு: மதுரைக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு, மதுரை வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் அடுத்த கேள்வி, "கடலுக்கு எப்பப்பா போறோம்?" என்பதுதான். பெரியவர்களும் உடனே ராமேஸ்வரமா, திருச்செந்தூரா, கன்னியாகுமரியா என்று ஊர்ப் பெயர்களை அடுக்கத் தொடங்குகிறார்கள். முதல் தவறு அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. இவை மூன்றும் கோயிலையும் பெயரையும் வைத்து நாம் தேர்ந்தெடுத்துப் பழகிய ஊர்கள். நான்கு வயதுக் குழந்தை இறங்கி விளையாடத் தக்க கடல் அந்த மாதத்தில் அங்கே இருக்குமா என்று கேட்பவர் அரிது.

ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராமேஸ்வரம் தீவையே எடுத்துக்கொள்வோம். அதற்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கரையோர மக்கள் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. வெகுதூரம் நடந்தாலும் முழங்காலுக்கு மேல் நீர் ஏறாத இடங்கள் அதன் கரையில் பல உண்டு. மன்னார் வளைகுடாவோ ஆழமானது. திறந்த பெருங்கடலின் அலை தடையின்றி வந்து சேர்வது. ஆனால் இந்தப் பெயர்களை ஆண்டு முழுவதற்கும் பொருந்தும் விதியாகக் கொள்வதும் தவறே. வைகாசி வாக்கில் கச்சான் காற்று எழுந்து, புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடைக் காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகி, சாதுவான பெண் கடல் தை மாதம் வரை கலங்கிப் புரளும். ஆகவே மே மாத விடுமுறையில் சின்னஞ்சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள், உச்சிப்புளிக்கு அருகிலுள்ள அரியமான் போன்ற வடகரை இடங்களை முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது. அரையாண்டு விடுமுறையிலும் பொங்கலிலும், மழையோ புயல் எச்சரிக்கையோ இல்லாத நாள்களில், சேதுக்கரை, தூத்துக்குடி எனத் தென்கரைப் பக்கம் பார்க்கலாம். அதே வடக்குக் கரைக்குப் போன மே மாதம் போய் மகிழ்ந்த குடும்பம், "நல்ல இடம்" என்று மார்கழியிலும் அங்கேயே போய் நின்று, கலங்கிய நீரைப் பார்த்து முகம் சுளிப்பதை ஒருமுறைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

அமைதியான கடலுக்கும் ஒரு சூது உண்டு. கச்சான் காலத்தில் வடகரையில் அலை அடங்கியிருப்பதற்குக் காரணம், காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதே. காற்றடைத்த வளையத்திலோ பிளாஸ்டிக் மிதவையிலோ குழந்தையை உட்கார வைத்துவிட்டு, அலைபேசியில் இரண்டு படம் எடுத்து நிமிர்வதற்குள், அந்த மிதவை நாம் எதிர்பாராத தூரம் உள்ளே போயிருக்கும். அலையில்லாத நீரில் அது போவதே கண்ணுக்குத் தெரியாது. எனவே கடலில் இத்தகைய வளையங்கள் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அவை நீச்சல் குளத்துக்கு உரியவை; அங்கும் கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். குழந்தை நீரில் மூழ்கும்போது கத்தும், கையை ஆட்டும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது ஓசையே இல்லாமல், ஓரிரு நிமிடங்களுக்குள், இடுப்பளவு நீரில்கூட நடந்துவிடுகிறது.

இதை ஒட்டிய இன்னொரு தவறு நம் பக்கத்து ஆண்களுக்கே உரியது. சோழவந்தான், மேலூர்ப் பக்கம் கிணற்றிலும் பம்பு செட் தொட்டியிலும் நீந்திப் பழகியவர்கள், தங்களுக்கு நீச்சல் தெரியும் என்ற துணிவில் தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைக்குள் இறங்குகிறார்கள். கிணற்று நீர் யாரையும் இழுத்துப் போவதில்லை. கடலிலோ, கரைக்கு வந்த அலைநீர் ஓரிடத்தில் திரண்டு, வாய்க்கால்போல உள்ளே திரும்பி ஓடும். அந்த இழுவை இருக்கும் இடத்தில் அலை உடையாது. இருபுறமும் நுரைத்துக்கொண்டிருக்க, நடுவே மட்டும் நீர் அடங்கித் தெரியும். விவரம் அறியாதவர் "இங்கே அலை இல்லை" என்று பிள்ளையை அங்கேதான் இறக்குவார். ஒருவேளை அதில் சிக்கிக்கொண்டால், கரையை நோக்கி நேரே போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுவையைக் கடந்த பிறகே திரும்ப வேண்டும். கையில் குழந்தையுடன் இதைச் செய்வது எத்தகைய நீச்சல்காரருக்கும் கடினம்.

கோடை விடுமுறையில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் கேரளக் கரைக்கும் போகிறவர்கள் கள்ளக்கடல் என்ற சொல்லை அறிந்திருக்க வேண்டும். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் கிளப்பிவிடும் நெடிய அலைகள், சில நாள் பயணித்து, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரையேறும். கள்ளனைப்போல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதத் தொடக்கத்தில், கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தது இத்தகைய எச்சரிக்கை அமலில் இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. மாவட்ட நிர்வாகமும் செய்தித்தாள்களும் அதைத் தெரிவிக்கின்றன. அறை முன்பதிவு செய்த பணம் போய்விடுமே என்று அந்த அறிவிப்பைப் புறந்தள்ளக் கூடாது. கடலைப் பார்க்காமல் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் பயணம் பயணம்தான்.

படத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும் தவற்றை நானே செய்திருக்கிறேன். தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையின் படங்களில் இருபுறமும் நீலக் கடல், நடுவே கோடு கிழித்ததுபோல் சாலை. பார்த்தவுடன் கிளம்பத் தோன்றும். அப்போது மகளுக்கு மூன்றரை வயது. காலை உணவை முடித்துக்கொண்டு நிதானமாக மதுரையில் புறப்பட்டு, உச்சி வெயிலில் போய் இறங்கினோம். கீழே வைத்த காலை உடனே தூக்கிக்கொண்டு "சுடுது" என்று அவள் அலறினாள். செருப்புப் போட்டு நடத்தினால், காற்று வாரி இறைத்த மணல் கண்ணில் விழுந்தது. ஒதுங்க ஒரு மரநிழல் இல்லை. அடுத்த பத்தாவது நிமிடம் அவளுக்கு அவசரமாகச் சிறுநீர் வந்தது. அதற்குரிய இடத்தைத் தேடிய கதை தனி. இறங்கி நனையலாம் என்றால், இரு கடல்களும் கூடி நீரோட்டம் வலுத்த அந்த முனை குளிப்பதற்கான இடமே அன்று. 1964 டிசம்பர் புயல் ஓர் ஊரையே ரயிலோடு கொண்டுபோன நிலம் அது; பெரியவர்கள் நின்று பார்த்து நெகிழத் தக்கது. மழலைகளுக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. கன்னியாகுமரி முக்கடல் முனையும் அவ்வாறே: பாறையும் படியுமான இடம், மணலில் வீடு கட்ட நினைக்கும் குழந்தைக்கு ஏமாற்றம்.

புறப்படும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்ற கணக்கு, கைக்குழந்தையும் ஐந்து வயதுக்காரனும் இருக்கும் வீட்டுக்கு ஒத்துவராது. காரில் மூன்றரை மணி நேரம் கட்டுண்டு கிடந்த பிள்ளை, கடலைக் கண்டதும் மற்றதை மறந்து ஓடும். அந்நேரம் வெயிலும் உச்சத்தில் இருக்கும். முந்தைய நாள் மாலையே போய்த் தங்கி, விடிந்ததும் நண்டுக் குழி தோண்டத் தொடங்கி, ஒன்பது மணிக்குள் அறைக்குத் திரும்பி, மறுபடி நாலரைக்கு மேல் இறங்குவதே உகந்த முறை. புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு ரயில்கள் மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகின்றன. எழுந்து நடமாடவும் கழிப்பறைக்குப் போகவும் முடிவதால், சிறு குழந்தைகளுக்கு ரயில் காரைவிட மேல். பாலத்தின் மேல் ரயில் மெல்ல ஊர்ந்து கடலைத் தாண்டும் அந்தச் சில நிமிடங்களைப் பிள்ளைகள் மறப்பதில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் ராமேஸ்வரத்தையும், கந்த சஷ்டியின்போது திருச்செந்தூரையும் குழந்தைகளின் விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தங்குமிட விளம்பரத்தில் வரும் "கடற்கரை அருகில்" என்ற சொற்களைக் கேள்வி கேட்காமல் நம்புவது அடுத்த தவறு. ஒருமுறை நாங்கள் பதிவு செய்த விடுதியில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிந்தது உண்மை. ஆனால் அந்தக் கரை படகுகள் கட்டும் துறை: மணலில் அறுந்த வலைத் துண்டுகள், துருப்பிடித்த தூண்டில் முள்கள், நீரின் மேல் டீசல் படலம். குழந்தையை வெறுங்காலோடு விட ஓர் அடி இடமில்லை. மீன்பிடித் தொழில் நடக்கும் கரையை நாம் குறை சொல்வதற்கில்லை. அது அவர்களுடைய பணியிடம். கேட்காமல் போனது எங்கள் பிழை. பெயர்க் குழப்பமும் உண்டு. சென்னை அருகே ஒரு கோவளம், கன்னியாகுமரி அருகே ஒன்று, திருவனந்தபுரம் அருகே மற்றொன்று. இணையத்தில் அவசரத்தில் பதிவு செய்பவர் மாவட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன்பதிவுக்கு முன் விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து, மணற்பரப்பு எத்தனை நடையில் இருக்கிறது, அங்கே படகு கட்டுகிறார்களா, குளியலறையில் வருவது உப்பு நீரா, நள்ளிரவில் பால் காய்ச்சிக் கொடுப்பார்களா என்று கேட்டுவிடலாம். போய்ச் சேர்ந்த பிறகு, கரையில் வலை சீர் செய்துகொண்டிருக்கும் பெரியவர் எவரிடமாவது, "ஐயா, பிள்ளைகளை இறக்கலாமா? சொறி ஒதுங்கியிருக்கா?" என்று கேளுங்கள். சொறி என்பது ஜெல்லி மீன். சில நாள்களில் கூட்டமாகக் கரையொதுங்கும், செத்துக் கிடப்பதைத் தொட்டாலும் தோல் எரியும். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காமல், நல்ல தண்ணீரும் ஊற்றாமல், கடல் நீராலேயே கழுவ வேண்டும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ தெரிந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். அந்தப் பெரியவர் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேணாம் தம்பி, நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க" என்றால், பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் அன்று மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.