"படம் எப்படிண்ணே?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் முறை

மதுரை சிம்மக்கல்லில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்கள், பிரிண்ட் வந்து அதை நான் வெட்டிக் கவரில் போட்டுக் கொடுக்கிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் கேட்கிற கேள்வி, "கடைசியா என்ன படம்ணே பார்த்தீங்க, எப்படி இருக்கு?" கடையை அடைத்ததும் ஏதாவது ஒரு படத்தில் போய் உட்காருகிற ஆள் நான் என்பது தெருவுக்கே தெரியும். பொம்மைப் படம், பேய்ப் படம், அடிதடி எல்லாம் எனக்கு ஒன்றுதான். கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஒரு முறை கைக்கு வந்துவிட்டது. பார்த்த படத்தை நாலு பேரிடம் சொல்கிற பழக்கம் உங்களுக்கும் இருந்தால் இது பயன்படும்.

கேட்டவுடன் பதில் சொல்லாதீர்கள். யாரோடு போகிறீர்கள், எங்கே பார்க்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு பேய்ப் படத்துக்குக் கல்லூரிப் பையன்கள் கும்பலாக இரண்டாம் ஆட்டம் போனால் அது கொண்டாட்டம். அதே படத்துக்குக் கைக்குழந்தையோடு போன தம்பதி முக்கால்வாசிப் படத்தைத் தியேட்டர் வராண்டாவில் நின்றுதான் கழிப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி "சூப்பர்" என்று சொல்லி அனுப்பினால் ஒருத்தர் காசு கண்டிப்பாக வீண்.

பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் சென்சார் சர்டிபிகேட்டில் ஆரம்பியுங்கள். முன்பெல்லாம் யு, யுஏ, ஏ அவ்வளவுதான். 2024 கடைசியிலிருந்து யுஏவையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஏ என்றால் 18 வயது ஆகாதவர்களை உள்ளே விடக் கூடாது. யுஏவில் போடுகிற எண்ணோ பெற்றோருக்குச் சொல்கிற யோசனை மட்டும்தான், வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். அதனால் அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். படம் தொடங்குகிறபோது அந்தத் தாள் திரையில் வந்து போகும். எத்தனை நிமிடம் ஓடும் என்பதும் அதிலேயே இருக்கும். நிறைய பேர் அப்போதுதான் பாப்கார்னோடு இருட்டில் சீட் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, நீங்கள் எங்கே, எப்படிப் பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தியேட்டரா, வீட்டு டிவியா, பஸ்ஸில் போனை வைத்துக்கொண்டா? நம் அபிப்பிராயத்தில் பாதி இதிலேயே முடிவாகிவிடுகிறது. 'ஏ கொயட் ப்ளேஸ்' என்று 2018இல் வந்த படம் இருக்கிறது. சத்தம் கேட்டால் பாய்ந்து வந்து கொல்கிற ஜந்துக்கள், அவற்றிடமிருந்து தப்பிக்க மூச்சுக் காட்டாமல் வாழ்கிற ஒரு குடும்பம். மூத்த பெண்ணுக்குக் காது கேட்காது. அந்த வேடத்தில் நடித்த பெண்ணுக்கு நிஜத்திலும் காது கேட்காது. அவள் பக்கம் கதை திரும்புகிறபோது சில இடங்களில் படத்தில் சத்தம் சுத்தமாக அற்றுப்போகும். தியேட்டரில் அந்த இடத்தில் முறுக்குப் பாக்கெட்டைப் பிரிக்கக்கூட மனசு வராது. அதே இடத்தை வீட்டில் பார்த்தால் ஃபேன் சத்தம், அடுத்த வீட்டு மிக்ஸி, தெருவில் போகிற மினி பஸ் ஹாரன் எல்லாம் உள்ளே வந்துவிடும். அப்படிப் பார்த்துவிட்டு "பயமே இல்லைப்பா" என்று சொன்னால் குற்றம் படத்தின் மேலா, மிக்ஸியின் மேலா? "டிவியில பார்த்தேன், பாதி சத்தத்துல" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டால் கேட்கிறவர் தானே கழித்துக்கொள்வார்.

பேய்ப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது நான் முக்கியமாகப் பிரித்துச் சொல்வது, அது நம்மைத் தூக்கிவாரிப் போட வைக்கிறதா, பயமுறுத்துகிறதா என்பதை. இரண்டும் வேறு. கதாநாயகி அலமாரிக் கதவை மெதுவாகத் திறப்பாள், இசை நின்றுபோகும், கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது, பிறகு டமால். இதற்கு யாராக இருந்தாலும் உடம்பு தூக்கிப் போடத்தான் செய்யும், அதில் இயக்குநருக்குப் பெரிய பெருமை இல்லை. வீட்டில் பார்க்கிறவர்கள் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பயந்த காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வயிற்றில் ஏதோ செய்தால் அந்தப் படத்தில் விஷயம் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை என்றால் "சத்தம் போட்டே பயமுறுத்துறான், ஜாலியா கும்பலா போங்க" என்று சொல்லிவிடலாம். அதுவும் ஒரு சிபாரிசுதான்.

அணைத்துப் பார்த்தாலும் பயம் போகாத படத்துக்கு நான் எடுத்துக்காட்டுவது 2024இல் வந்த மலையாளப் படம் 'பிரமயுகம்'. முழுக்கக் கறுப்பு வெள்ளை. 17ஆம் நூற்றாண்டு மலபாரில் ஒரு பாழடைந்த மனை, அதில் மம்மூட்டி, ஒரு சமையல்காரர், வழிதவறி வந்து சேர்கிற ஒரு பாணன். பெரும்பாலும் இந்த மூன்று பேர்தான். பகடை உருட்டுகிற காட்சி ஒன்று வரும், பந்தயம் வைப்பது காசை இல்லை, காலத்தை. அதில் மம்மூட்டி முகத்தைப் பாருங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழுந்து, மறுபக்கம் கண் இருக்கிற இடம் வெறும் பள்ளமாகத் தெரியும். எங்கப்பா காலத்தில் இதே கடையில் டார்க் ரூம் இருந்தது. சிவப்பு பல்பு வெளிச்சத்தில் தாளை டெவலப்பரில் போட்டால் முதலில் தலைமுடி வரும், புருவம் வரும், கடைசியில்தான் கன்னத்துச் சாம்பல் நிறம் மெல்ல ஏறும். அந்தச் சாம்பலை ஒழுங்காகக் கொண்டுவருவதுதான் வேலையே என்பார். அந்தப் படத்தில் மழை, சேறு, பாசி பிடித்த சுவர் எல்லாம் அந்தச் சாம்பலுக்குள்தான் இருக்கின்றன. கலரில் எடுத்திருந்தால் பச்சைப் பசேல் என்று கேரளச் சுற்றுலா விளம்பரமாகப் போயிருக்கும். "கறுப்பு வெள்ளையா, பழைய படமாண்ணே?" என்று முகம் சுளிக்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன். கூடவே, நிதானமாகப் போகிற படம், வேகம் வேண்டுமென்றால் வேண்டாம் என்பதையும்.

பயத்தில் ஊர்ப் பயம் என்று ஒன்று உண்டு. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பெரியவர் ஒருவர் பேரன் போனில் கன்னியாஸ்திரிப் பேய் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "அந்தம்மா என்னத்துக்குத் தம்பி எங்க ஊருக்கு வரப்போகுது?" என்று சிரித்தார். அவரையே உச்சிவேளையில் ஒற்றைப் புளியமரத்தடியில் யாரோ நிற்கிற காட்சியைப் பார்க்கச் சொன்னால் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். முனி போகிற தடத்தில் வீடு கட்டக் கூடாது என்று கேட்டு வளர்ந்த ஆள். ஆகவே பேய்ப் படத்தைச் சொல்லும்போது பேய் எந்த ஊர்ப் பேய் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அனிமேஷனுக்கு வருவோம். "பொம்மைப் படம்தானே, புள்ளைகளுக்கு" என்கிறவர்கள்தான் இங்கே அதிகம். அவர்களிடம் வாதம் பண்ணிப் பிரயோஜனமில்லை. ஒரே ஒரு படத்தைச் சரியாகப் பார்த்துக் கொடுங்கள், போதும். நான் கொடுப்பது 2024இல் வந்த 'ஃப்ளோ'. லாட்வியா நாட்டுப் படம். மொத்தம் 85 நிமிடம், அதில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. வெள்ளம் வந்து ஊர் மூழ்குகிறது, ஒரு பூனை ஒரு படகில் தொற்றிக்கொள்கிறது, அப்புறம் வேறு சில விலங்குகள் வந்து சேர்கின்றன. பூனை பேன்ட் போடாது, பாட்டுப் பாடாது. பூனையாகவே இருக்கும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்த படம், 2025இல் பெரிய பெரிய கம்பெனிப் படங்களைத் தாண்டி ஆஸ்கர் வாங்கியது. இங்கிலீஷ் தெரியாது, எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகமும் போதாது என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அப்பத்தா அதை முழுசாகப் பார்த்தார். வைகையில் தண்ணீர் வந்தாலே யானைக்கல் பாலத்தில் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. தண்ணீர் மரத்து உச்சி வரைக்கும் ஏறுகிறபோது அவர் "யாத்தே, யாத்தே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பூனை இரண்டு மூன்று இடத்தில் உயிருக்குப் போராடும், சின்னப் பிள்ளைகள் அழலாம். அதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அனிமேஷனில் 'ஏன் இப்படி வரைந்திருக்கிறார்கள்' என்பதில் ஒரு துளி தெரிந்து வைத்துக்கொண்டால் பேச்சு ருசிக்கும். 2018இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி, "அண்ணே, நெட் சரியில்ல போல, படம் விட்டு விட்டு ஓடுது" என்றார். நெட் நன்றாகத்தான் இருந்தது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 அசையாப் படங்கள் ஓடும். அந்தப் பையன் மைல்ஸ் வித்தை கத்துக்குட்டியாக இருக்கிற வரைக்கும் அவன் அசைவை இரண்டு படத்துக்கு ஒரு முறைதான் மாற்றியிருக்கிறார்கள். அதாவது நொடிக்கு 12. பக்கத்திலேயே தேர்ந்த ஆள் 24இல் வழுக்கிக்கொண்டு போவார். பையன் தேறத் தேற அவன் அசைவும் சீராகும். இதைச் சொன்னதும் தம்பி வீட்டுக்குப் போய் மறுபடி பார்த்துவிட்டு வந்தார். இப்போது வருகிற டிவிகளில் அசைவை வழவழப்பாக்குகிற ஒரு செட்டிங் இருக்கிறது. நடுவில் இல்லாத படங்களை டிவியே இட்டு நிரப்பும். கிரிக்கெட்டுக்கு அது சரி. சினிமாவுக்கு ஆகாது, எல்லாம் சீரியல் மாதிரி ஆகிவிடும். படம் பார்க்குமுன் அதை அணைத்துவிடுங்கள், அபிப்பிராயம் அப்புறம்.

நம் கதையை எடுத்த அனிமேஷன் என்றால் அளவுகோல் வேறு. 2025இல் வந்த 'மகாவதார் நரசிம்மா'வை அம்மாவோடு போய்ப் பார்த்தேன். அம்மா ஒத்தக்கடை ஆனைமலை அடிவாரத்து நரசிங்கம் கோயிலுக்கு விடாமல் போகிறவர், அந்தக் குடைவரைக்குள் இருக்கிற யோக நரசிம்மரைப் பார்த்தே பழகிய கண். எனக்கு முதல் பாதியில் முகங்கள் விறைப்பாக இருப்பதும் நடை ஒட்டாததும் உறுத்தின. கடைசிப் பகுதியில் தூண் பிளந்த பிறகு படம் வேறு படமாகிவிட்டது. அம்மாவுக்கு முதல் பாதியில் ஒரு குறையும் தெரியவில்லை. பிரகலாதன் கைகூப்புகிறபோதெல்லாம் அவரும் கூப்பினார். இந்த மாதிரி இடத்தில் நான் இரண்டு அபிப்பிராயத்தையும் சேர்த்தே சொல்கிறேன்: "வேலைப்பாடு பார்க்கிற ஆளா இருந்தா முதல் பாதியைப் பொறுத்துக்கணும், பக்தியோட போறீங்கன்னா யோசிக்கவே வேண்டாம், ஆனா கடைசியில ரத்தம் உண்டு."

கதையை எவ்வளவு சொல்லலாம்? இடைவேளைக்கு முன்னால் உள்ளதில் ஒரு காட்சி, போதும். அதையும் கண்ணால் பார்த்த மாதிரி சொல்லுங்கள். "ஸ்கிரீன்ப்ளே டைட்டா இருக்கு" என்று சொல்வதால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படமாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கப்பா போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவருக்கு இங்கிலீஷ் வராது. குதிரை எப்படித் தடுக்கி விழுந்தது, வில்லன் எப்படித் தொப்பியைச் சரி செய்தான் என்று கையாலேயே காட்டுவார். நாங்கள் பிள்ளைகள் அடுத்த நாளே அந்தப் படத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி அடம் பிடிப்போம்.

மார்க் போடுவது உங்கள் இஷ்டம். ஐந்துக்கு மூன்று என்றால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை.

பாதியில் எழுந்து வந்த படம், தூங்கிவிட்ட படம் இவற்றையும் மறைக்க வேண்டாம். "இடைவேளையோடு வந்துட்டேன்" என்பதே நல்ல தகவல். அதற்கு மேல் அந்தப் படத்தின் முடிவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே மாதிரி நீங்கள் சொல்லிப் போனவர் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் படத்துக்கு வக்காலத்து வாங்காதீர்கள். எந்த இடத்தில் விட்டுப்போச்சு என்று மட்டும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிற நர்ஸ் தங்கச்சி ஒருத்தர் பூனைப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "நல்லாத்தான்ணே இருக்கு, ஆனா பேச்சே இல்லையா, படகுல ஏறின உடனே நானும் தூங்கிட்டேன்" என்றார். டூட்டி முடிந்து வந்து பார்த்திருக்கிறார். அவருக்கு இனிமேல் வாய் ஓயாமல் பேசுகிற படமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த வாரம் அப்படி எதுவும் ஓடவில்லை என்றேன். "அப்ப அந்த டமால் பேய்ப் படத்தையே சொல்லுங்கண்ணே" என்று கவரை வாங்கிக்கொண்டு போனார்.