மங்கிய ஹெட்லைட் டூம், கீறல் விழுந்த வைசர்: வீட்டிலேயே தெளிவாக்குவது எப்படி?

முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை மங்கிய ஹெட்லைட்டின் மேல் ஊற்றிப் பாருங்கள். நனைந்திருக்கும் வரை பளிச்சென்று தெரிந்தால் கோளாறு வெளிப்பரப்பில்தான் இருக்கிறது, தேய்த்துச் சரிசெய்துவிடலாம். நனைத்த பிறகும் புகை படிந்த மாதிரியே இருந்தால் மங்கல் உள்பக்கத்தில் இருக்கிறது, அல்லது பிளாஸ்டிக்குக்குள்ளேயே மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கின்றன. அதற்கு வெளியில் எவ்வளவு தேய்த்தாலும் பலன் இல்லை. புது டூம் (ஹெட்லைட்டின் முன்மூடி) வாங்குவதே நல்லது.

பழைய புல்லட் போன்ற வண்டிகளில் ஹெட்லைட் முகப்பு நிஜக் கண்ணாடி. கீழே சொல்லும் எதையும் அதில் செய்யாதீர்கள், கீறல்தான் மிஞ்சும்.

ஏன் மஞ்சளாகிறது?

இன்றைய டூம்கள் பெரும்பாலும் பாலிகார்பனேட். அடி தாங்கும், ஆனால் வெயில் தாங்காது. அதனால் கம்பெனியிலேயே அதன்மேல் மெல்லிய, கடினமான ஒரு பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டு அந்தப் பூச்சு வெடித்து உரியும்போது அடியிலுள்ள பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. வானத்தைப் பார்த்திருக்கும் மேல்விளிம்பு முதலில் கெடுவது இதனால்தான். நாம் செய்யப்போவதும் இரண்டே வேலை: கெட்ட பூச்சை முழுதாக எடுப்பது, புதுப் பூச்சு போடுவது. பற்பசை தேய்ப்பவர்கள் முதல் வேலையைக் கால்வாசி செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் மஞ்சள் திரும்பிவிடுகிறது.

ஹெட்லைட்டுக்குத் தேவையானவை

பெயிண்ட் கடையில் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) என்று கேளுங்கள். 800, 1000, 1500 எண்களில் இரண்டிரண்டு தாள் போதும். மாஸ்கிங் டேப், பாத்திரம் கழுவும் திரவம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மைக்ரோஃபைபர் துணி, ஒரு 2கே கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) ஸ்பிரே ஆகியவையும் வேண்டும். 2கே என்றால் பூச்சை இறுக வைக்கும் ஹார்டனர் டப்பாவுக்குள்ளேயே இருக்கும். அடியிலுள்ள பொத்தானை அழுத்திக் கலந்த பிறகு அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். ஹார்டனர் இல்லாத சாதா கிளியர் விலை குறைவு, ஆனால் பெட்ரோல் தெறித்தாலே இளகும்.

1. டூமைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் சுற்றியுள்ள பெயிண்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் மண்துகள் போகக் கழுவுங்கள். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்க வேண்டாம். பாலிகார்பனேட்டில் அங்கங்கே வெடிப்பு விடும்.

2. 800 தாளைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, சோப்பு கலந்த தண்ணீர் விட்டபடி ஒரே திசையில், இடவலமாகத் தேயுங்கள். முதலில் மஞ்சள் கலந்த பால் வழியும். அது வெள்ளைப் பாலாக மாறும் வரை தேய்க்க வேண்டும். பெரும்பாலான நேரம் இந்தப் படியில்தான் போகும். அவசரப்பட்டு 1000-க்குத் தாவினால் பின்னால் எதுவும் சரியாக வராது.

3. துடைத்துக் காயவைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலான பரப்பின் நடுவே பளபளப்பான திட்டுகள் தெரிந்தால் அங்கே பழைய பூச்சு இன்னும் இருக்கிறது. முழுப்பரப்பும் ஒரே சீராக வெளிறித் தெரியும் வரை 800-ஐ விடாதீர்கள். ஓரங்களிலும் மூலைகளிலும்தான் அது ஒளிந்திருக்கும்.

4. 1000 தாளில் மேலும் கீழுமாகத் தேயுங்கள். திசையை மாற்றுவதால் முந்தைய தாளின் கோடுகள் தனியாகத் தெரியும். அவை மறைந்ததும் நிறுத்தலாம். பிறகு 1500, மறுபடி இடவலமாக. ஒவ்வொரு தாளுக்கும் தண்ணீரை மாற்றுங்கள். பழைய தண்ணீரில் கிடக்கும் ஒரே ஒரு 800 துகள் புதுக் கோடு போட்டுவிடும்.

5. இங்கே பாலிஷ் போடாதீர்கள். பாலிஷில் எண்ணெய்ப்பசை இருக்கும், பரப்பும் வழவழப்பாகிவிடும். அதன்மேல் கிளியர் பிடிக்காமல் தோல் தோலாக உரியும். 1500 விட்டுச்சென்ற மெல்லிய கோடுகளைக் கிளியரே நிரப்பித் தெளிவாக்கிவிடும்.

6. ஆல்கஹாலால் துடைத்துப் பத்து நிமிடம் காயவிட்டு, 20–25 செ.மீ. தூரத்தில் இருந்து ஸ்பிரே செய்யுங்கள். முதல் கோட் பனித்தூறல் மாதிரி லேசாக விழ வேண்டும். முதலிலேயே கனமாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் பாலிகார்பனேட்டைத் தாக்கி நுண்வெடிப்பு விடும். பத்து நிமிட இடைவெளியில் ஈரமாக இரண்டு கோட். 24 மணி நேரம் கழித்து மாட்டுங்கள்.

ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க் இதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க், கையுறை, திறந்தவெளி மூன்றும் இல்லாமல் அடிக்கவே வேண்டாம். இந்த வசதி இல்லையென்றால் 2000, 3000 வரை தேய்த்து, பிளாஸ்டிக் பாலிஷ் போட்டு, புற ஊதாத் தடுப்புள்ள சீலண்ட் பூசுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை சீலண்டைத் திரும்பப் பூச வேண்டியிருக்கும்.

மழைக்கால ஈரக்காற்றில் அடித்தால் கிளியர் வெள்ளை பூத்துப்போகும். உச்சிவெயிலில் அடித்தால் சமமாகப் பரவும் முன்பே காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி நிற்கும். கிளியர் வடிந்துவிட்டால் ஈரத்தில் தொடாதீர்கள். இரண்டு நாள் கழித்து 2000 தாளில் தேய்த்துப் பாலிஷ் செய்தால் சரியாகிவிடும்.

வைசர் வேறு விஷயம்

இங்கே சொல்வது ஹெல்மெட் வைசர் அல்ல, வண்டியின் முன்னால் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் காற்றுத் தடுப்பு வைசர். அது அக்ரிலிக்காகவும் இருக்கலாம், பாலிகார்பனேட்டாகவும் இருக்கலாம். எந்தப் பிளாஸ்டிக் என்று ஓரத்தில் பொறித்திருக்கிறதா பாருங்கள். ஹார்ட் கோட் உள்ள பாலிகார்பனேட் வைசரைத் தேய்க்காதீர்கள். பூச்சு ஓரிடத்தில் போனால் அந்தத் திட்டு தனியாகத் தெரியும், பார்வை போகும் இடத்தில் அது ஆபத்து.

அக்ரிலிக்கைத் தாராளமாகத் தேய்க்கலாம். கீறலில் நகம் லேசாகத் தட்டினால் 1500-இல் தொடங்கி 2000, 3000 போய்ப் பிளாஸ்டிக் பாலிஷ் போடுங்கள். நகம் தட்டவில்லையென்றால் பாலிஷ் மட்டும் போதும். நகம் நன்றாக மாட்டும் ஆழக் கீறலை விட்டுவிடுங்கள். கீறல் மேல் மட்டும் தேய்த்தால் அங்கே பள்ளம் விழும், அது லென்ஸ் மாதிரி எதிரே வரும் வண்டியை நெளித்துக் காட்டும். சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குப் பரவலாகத் தேயுங்கள். டிரில்லில் பஞ்சு மாட்டிப் பாலிஷ் செய்பவர்கள் குறைந்த வேகத்தில், நிற்காமல் நகர்த்த வேண்டும். சுமார் 100 டிகிரியில் அக்ரிலிக் இளகிவிடும். அவ்வப்போது கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. அக்ரிலிக்கை ஆல்கஹாலாலோ அமோனியா கலந்த கண்ணாடி கிளீனராலோ துடைக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

திருப்பி மாட்டும்போது ரப்பர் அல்லது நைலான் வாஷர் கட்டாயம். வெயிலில் வைசர் விரியும். போல்ட்டை இறுக்கிப் பூட்டினால் ஓட்டையிலிருந்து வெடிப்பு கிளம்பும். ஏற்கெனவே கிளம்பிய வெடிப்பின் நுனியில் 3 மி.மீ. துளை போட்டால் மேலே ஓடாமல் தற்காலிகமாக நிற்கும். போல்ட் கழன்றுவிடும் என்று திரெட் லாக்கர் திரவம் போடுவதும் வேண்டாம். அது வழிந்து பட்ட இடத்தில் அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டுமே வெடிக்கும். நைலான் உள்ள லாக் நட் போடுங்கள்.