ஹீமோகுளோபின் குறைவா? இரும்பு மாத்திரை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் அவுட்ரம் சாலை ரத்த வங்கியானாலும் சமூக மன்றத்தில் நடக்கும் ரத்த தான முகாமானாலும், முதலில் விரல் நுனியில் குத்தி, ரத்தத்தில் உயிர்வாயுவைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்ப்பார்கள். டெசிலிட்டருக்குப் பெண்களுக்கு 12.5 கிராம், ஆண்களுக்கு 13 கிராம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் அன்றைக்குத் தானம் கிடையாது. திரும்பிப் போகிறவர்களில் பலர் வழியிலேயே மருந்துக்கடைக்குள் நுழைந்து இரும்பு மாத்திரை வாங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், 12.5 என்பது தானத்துக்கான வரம்பு, நோய்க்கான வரம்பு அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெண்ணுக்கு 12-க்குக் கீழும், ஆணுக்கு 13-க்குக் கீழும், கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழும் (நடு மூன்று மாதத்தில் 10.5-க்குக் கீழும்) போனால்தான் ரத்தசோகை. 12.2 உள்ள பெண் தானம் செய்ய முடியாது, ஆனால் அவருக்கு ரத்தசோகை என்று சொல்லவும் முடியாது. விரலை அழுத்திப் பிழிந்து எடுத்த துளியில் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டுவதும் உண்டு. நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் வரும் எண்ணையே நம்புங்கள்.

இரண்டாவது, ஹீமோகுளோபின் குறைவு என்பது ஓர் அடையாளம்தான். ஏன் குறைந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை போட்டால், சில சமயம் எண் மட்டும் ஏறும், அடியில் இருக்கும் நோய் ஒளிந்துகொள்ளும்.

அறிக்கையில் எந்த நான்கு எண்களைப் பார்ப்பது?

பலதுறை மருந்தகத்திலோ பக்கத்துக் கிளினிக்கிலோ முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை கேளுங்கள். பலதுறை மருந்தகத்தில் எடுத்தால் முடிவு ஹெல்த்ஹப் செயலியில் வந்துவிடும். பட்டியல் நீளமாக இருக்கும். ரத்தசோகைக்கு வேண்டியவை ஹீமோகுளோபின், எம்சிவி, சிவப்பணு எண்ணிக்கை, ஆர்டிடபிள்யூ ஆகிய நான்கு.

எம்சிவி என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். பொதுவாக 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இருக்கும். 80-க்குக் கீழே போனால் முதலில் இரண்டு காரணங்களை நினைக்க வேண்டும்: இரும்புச்சத்துக் குறைவு, அல்லது பிறப்பிலேயே வந்த தலசீமியாக் கூறு (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமக்கும் நிலை). 100-க்கு மேலே போனால் பி12, ஃபோலேட் குறைவு, மதுப்பழக்கம், கல்லீரல், தைராய்டு என்று தேட வேண்டும். ஆர்டிடபிள்யூ, அணுக்களின் பருமன் எவ்வளவு மாறுபடுகிறது என்பதைச் சொல்லும். சைவ உணவு மட்டும் சாப்பிடும் நம்மவர்களிடம் இரும்பும் பி12-உம் சேர்ந்தே குறைந்திருக்கலாம். ஒன்று அணுவைச் சிறிதாக்க, மற்றது பெரிதாக்க, எம்சிவி 88 என்று நல்ல பிள்ளையாக நிற்கும். அப்போது ஆர்டிடபிள்யூ உயர்ந்திருப்பதுதான் காட்டிக்கொடுக்கும். நீரிழிவுக்கு நீண்டகாலமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறையும். அவர்கள் அதைத் தனியாகச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சிறிய அணுவுக்கு இரும்பா தலசீமியாவா என்று ஊகிக்க ஒரு கணக்கு உண்டு: எம்சிவியைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுங்கள். எம்சிவி 65, சிவப்பணு 5.8 என்றால் விடை 11.2. இப்படி 13-க்குக் கீழே வந்தால் தலசீமியாக் கூறாக இருக்க வாய்ப்பு அதிகம். எம்சிவி 72, சிவப்பணு 3.9 என்றால் 18.5. 13-க்கு மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கம் சாயும். இது ஊகம்தான், தீர்ப்பு அல்ல. தீர்ப்புக்கு ஃபெரிட்டின் வேண்டும்.

ஃபெரிட்டின் என்பது உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு. முழு ரத்த எண்ணிக்கையில் இது வராது, தனியாகக் கேட்க வேண்டும். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி. 30-க்குக் கீழே இருந்தாலே பல மருத்துவர்கள் இரும்புக் குறைவு என்றே எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சல், தொற்று, மூட்டுவாதம் போன்ற அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும். அதனால் சளிக்காய்ச்சல் நடுவே இதைச் சோதிக்காதீர்கள்.

தலசீமியாக் கூறு என்றால்?

சிங்கப்பூரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பேரிடம் இது உண்டு. பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, ஆயுள் முழுதும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவே இருக்கும். அவர்களுக்கு ஃபெரிட்டின் சரியாக இருக்கும்போது இரும்பு மாத்திரை பயனற்றது. ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் இரும்பு தேங்கிக் கேடு செய்யும். கவனிக்க வேண்டியது குடும்பத்தைத்தான். இதில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. கணவன் மனைவி இருவரும் ஒரே வகைக் கூறு உள்ளவர்களானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. பீட்டா வகையானால் அந்தக் குழந்தைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டிவரும். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் 1992 முதல் தேசியத் தலசீமியாப் பதிவகம் இயங்குகிறது. திருமணம் பேசும்போது ஜாதகத்தோடு இதையும் பார்த்துவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் பெரிய நன்மை. ஒரு நுணுக்கம்: இரும்புக் குறைவு இருக்கும்போது பீட்டா வகையைக் காட்டும் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு குறைந்து, சோதனை தப்பாக ‘இல்லை’ என்று சொல்லக்கூடும். இரும்பைச் சரிசெய்த பிறகு மறுபடி பார்க்க வேண்டும். ஆல்ஃபா வகைக்கு மரபணுச் சோதனை தேவைப்படலாம்.

இரும்பு மாத்திரையை எப்படி எடுப்பது?

மாத்திரையின் எடை வேறு, அதில் உள்ள இரும்பு வேறு. ஃபெரஸ் ஃப்யூமரேட் 200 மில்லிகிராமில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு இருக்கும், ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மில்லிகிராமில் சுமார் 35. பெட்டியின் முகப்பை அல்ல, பின்பக்கத்தைப் படியுங்கள்.

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடோ எலுமிச்சைச் சாற்றோடோ எடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். தே, கோப்பி, பால், கால்சியம் மாத்திரை, வயிற்றுப் புளிப்புக்கான மருந்து எதுவும் கூடவே வேண்டாம். தைராய்டு குறைவுக்கான தைராக்சின் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறத்தாழ ஒரு நாளுக்குக் குடலின் உறிஞ்சும் கதவைச் சாத்திவிடும். அதனால் ஒரே நாளில் மூன்று மாத்திரை போட்டால் மூன்று மடங்கு சேராது, வயிறுதான் கலங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது பலருக்கும் நன்றாக வேலை செய்கிறது. கர்ப்பிணிகளும் அளவு மிகக் குறைந்தவர்களும் மருத்துவர் சொன்னபடிதான் எடுக்க வேண்டும்.

மலம் கறுத்துப் போவது இயல்பு. ஆனால் தார்போல் ஒட்டிக்கொண்டு துர்நாற்றம் அடித்தால் அது வயிற்றுக்குள் ரத்தக்கசிவாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரை சரியாகப் போகவில்லை, அல்லது குடல் உறிஞ்சவில்லை, அல்லது எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, அல்லது நோயே வேறு. எண் சரியானதும் நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். மாத்திரையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துச் சில மாத்திரைகளை விழுங்கினாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

பேரீச்சை, மாதுளை, பீட்ரூட் போதாதா?

போதாது. நூறு கிராம் பேரீச்சையில் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம், பீட்ரூட்டில் அதற்கும் குறைவு, மாதுளையில் அரை மில்லிகிராம்கூட இல்லை. மாதவிடாய் வரும் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 18 தேவை. சிவப்பு நிறத்துக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. தேக்கா சந்தையில் கிடைக்கும் முருங்கைக்கீரையில் நூறு கிராமுக்குச் சுமார் 4, வேகவைத்த கொண்டைக்கடலையில் சுமார் 3. கோழி ஈரலில் 10 அளவுக்கு இருக்கும், அது உடலிலும் எளிதாகச் சேரும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு தானாக எளிதில் சேராது. கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லிக்காயோ வேண்டும். சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடித்தால் அந்த வேளை இரும்பில் பாதிக்கும் மேல் வீணாகலாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டில் செய்யக்கூடிய மாற்றங்களில் செலவே இல்லாதது இதுதான்.

இரும்பு எங்கே போனது?

இதைக் கேட்காமல் விடவே கூடாது. இளம்பெண்களுக்குப் பெரும்பாலும் மாதவிடாய். இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பஞ்சு மாற்ற வேண்டியிருந்தால், பெரிய கட்டிகள் வந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால் அது அதிகப் போக்கு. ‘எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான்’ என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள், சிகிச்சை இருக்கிறது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிற்றுப்புண், மூலம், குடல் கட்டி, வலி மாத்திரைகளால் வந்த கசிவு என்று தேடியே ஆக வேண்டும். பலருக்கு எண்டோஸ்கோப்பி (கேமரா குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) தேவைப்படும். ஐம்பது, அறுபது வயது அப்பாவுக்கு மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்து நிறுத்தாதீர்கள்.

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, மயக்கம், ரத்த வாந்தி என்றால் 995-ஐ அழையுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். இரும்புக் குறைவு மூன்று மாதச் சர்க்கரை அளவான ஏ1சி-யைப் பொய்யாகக் கூட்டிக் காட்டலாம். தலசீமியாக் கூறும் அதைக் குழப்பலாம். வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் எண்ணும் ஏ1சி-யும் ஒத்துப்போகவில்லை என்றால், மருந்தைக் கூட்டும் முன் ரத்தசோகையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மறுபடி தானம் செய்யலாமா?

தாராளமாக. எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஒரு தானத்துக்கும் அடுத்ததுக்கும் 12 வார இடைவெளி வேண்டும். 450 மில்லிலிட்டர் ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. உடல் சாதாரணமாக நாளொன்றுக்கு 1, 2 மில்லிகிராம்தான் சேர்க்கும். எனவே இடைவெளி முடிந்ததும் தவறாமல் கொடுக்கும் பெண்கள் ஆண்டுக்கொரு முறை ஃபெரிட்டின் பார்ப்பது நல்லது. தானம் செய்யும் நாளில் வயிறாரச் சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். ஊருக்குப் போய் வந்திருந்தால் எந்த மாவட்டம், எந்தத் தேதி என்பதைச் சொல்லுங்கள். மலேரியா உள்ள பகுதியானால் காத்திருக்கச் சொல்வார்கள். ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் சீனர்களிடையே மிக அரிது, இந்தியர்களிடையே நூற்றில் ஐந்து பேர் அளவுக்கு உண்டு. உங்களுக்கு அந்த வகை என்றால் உங்கள் ஒரு பைக்காகக் காத்திருக்கும் நோயாளி இருக்கக்கூடும்.

ஹீமோகுளோபின் திடீரென்று இறங்குமா?

சிவப்பணுக்களைக் காக்கும் நொதியான ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு இறங்கும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இதைச் சோதிக்கிறார்கள், முடிவு பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கும். இவர்களுக்குச் சில மருந்துகளும் ஃபாவா அவரையும் ஆகாது. நம் வீடுகளில் பெரிய ஆபத்து பட்டுச் சேலை அலமாரியில் போடும் நாஃப்தலின் அந்துருண்டை. அதன் வாடையே சிவப்பணுக்களை உடைக்கப் போதும். குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அந்துருண்டையே வேண்டாம். பாட்டி எடுத்து வைத்த பழைய தொட்டில் துணியை நன்றாகத் துவைத்து, காற்றில் உலர்த்தி, வாடை போன பிறகே பயன்படுத்துங்கள். கண் மஞ்சளாகி, சிறுநீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்தில் வந்தால், காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.