பத்து பேர்ச் காணி: வாங்கும் முன் விடும் பிழைகள்

திருகோணமலையில் காணிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி "எத்தனை பேர்ச்?" அடுத்தது "பேர்ச் என்ன விலை?" பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். உப்புவெளிப் பக்கம் பத்து பேர்ச் என்றதும் மனதுக்குள் ஒரு வீடு, கிணறு, நாலு தென்னை, வாகனம் விட இடம் எல்லாம் எழும்பிவிடும்.

முதலில் கணக்கைச் சரி செய்வோம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 160 பேர்ச் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்து உறவுகள் பரப்பில் பேசுவார்கள், ஒரு பரப்பு 10 பேர்ச். தமிழ்நாட்டு சென்ட் வேறு: 435.6 சதுர அடி. நில அளவையாளரின் (சேவையரின்) பிளானில் ஹெக்டெயரில் போட்டிருந்தால் 395.4ஆல் பெருக்குங்கள், 0.0253 ஹெக்டெயர் என்பது 10 பேர்ச்தான். காணி உறுதிப் பத்திரத்தில் உள்ள அளவும் பிளானில் உள்ள அளவும் வேலிக்குள் உள்ள அளவும் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள். கதியால் வேலி ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் ஒரு சாண் நகரும். சேவையரைக் கூட்டிப்போய் எல்லைக் கற்களைக் கண்ணால் பாருங்கள்.

அளவு சரியாக இருந்தாலும், அந்தக் காணியில் என்ன செய்யலாம் என்பதை அதன் வடிவம்தான் சொல்லும். பத்து பேர்ச் சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 52 அடி. அதே பத்து பேர்ச் 27 அடி அகலம், 100 அடி நீளமாகவும் இருக்கும். என் மச்சான் வாங்கியது இந்த இரண்டாவது வகை. வாங்கிய பிறகு நாங்கள் இருவரும் டேப்பைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றோம். யன்னல் திறக்கவும் கூரைத் தண்ணீர் எங்கள் பக்கமே விழவும் இரு பக்கமும் மூன்று மூன்று அடி விட்டால் வீட்டுக்கு 21 அடிதான் அகலம். இரண்டு மாடிக்கு உட்பட்ட வீட்டுக்குப் பின்னால் 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி, விட வேண்டும். முன்னால் வீதிக்கு விடுவது தனி. அவர் கீறி வைத்திருந்த வீட்டுப் படத்தின் அகலம் 30 அடி.

கிணறும் மலக்குழியும்தான் சின்னக் காணியில் பெரிய சிக்கல். இரண்டுக்கும் இடையில் ஐம்பது, அறுபது அடியாவது வேண்டும். கரையோர மணலில் தண்ணீர் சில அடியிலேயே கிடைக்கும். குழியிலிருந்து ஊறுவதும் அவ்வளவு சுலபமாகப் போகும். 52 அடிச் சதுரத்தில் மூலைக்கு மூலை வைத்தால் எழுபது அடிக்குமேல் கிடைக்கிறது, சரி. ஆனால் பக்கத்து வீட்டுக் குழி எங்கே? மதிலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் இருந்தால் உங்கள் கணக்கெல்லாம் வீண். விலை பேசும் முன் அயலவரிடம் அதை வாய் திறந்து கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீர் இணைப்பு அந்த ஒழுங்கைவரை வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உறுதியில் "கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்" என்று எழுதியிருந்தால், அந்தக் கிணறும் வழியும் இன்றைக்கும் இருக்கின்றனவா என்று நேரில் பார்க்க வேண்டும். மலக்குழி உறிஞ்சும் பவுசர் திரும்ப முடியாத ஒழுங்கையில் காணி வாங்கினால் அந்தக் கஷ்டம் வருடக்கணக்கில் தொடரும்.

தென்னை ஒன்றுக்கு ஏறக்குறைய 26 அடி இடைவெளி வேண்டும், அதாவது மரத்துக்கு இரண்டரை பேர்ச். நாலு தென்னையோடு பத்து பேர்ச் முடிந்தது. ஒரு தென்னை, ஒரு முருங்கை, கிணற்றடியில் வாழை என்று நினைத்தால் நிம்மதி.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அநேகமாக ஆகஸ்டில்தான் காணி பார்க்கிறார்கள். அப்போது எங்கள் ஊரில் எல்லாக் காணியும் மேட்டுக்காணிதான். மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்கிறது. டிசம்பரில் வர முடியாவிட்டால் பக்கத்து மதிலின் அடியைப் பாருங்கள். தண்ணீர் நின்ற கறை ஒரு கோடாகத் தெரியும். கிறவல் போட்டு உயர்த்தலாம் என்று தரகர் சொல்வார். அந்தச் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள். வயற்காணியாக இருந்தால் அனுமதி இல்லாமல் நிரப்பவே முடியாது.

நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் வாங்குவோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. வீடோ விருந்தினர் விடுதியோ கட்ட கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியென்றால் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாறாது. தரகர் தரும் வெள்ளைக் கடுதாசியை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

கடைசியாக, பெற்றோர் விடும் பிழை. "பத்து பேர்ச் இருக்கு, ரெண்டு பிள்ளைக்கும் அஞ்சஞ்சு" என்பார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொது விதிப்படி வீட்டுத் துண்டு 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 6 பேர்ச்சுக்கு, குறையக்கூடாது. அகலம் 6 மீற்றராவது வேண்டும். சில வலயங்களில் இதைவிடக் கூடவும் கேட்கலாம், சபையில் விசாரியுங்கள். பன்னிரண்டு பேர்ச் இருந்தாலும் பிரிக்கும் விதம் முக்கியம். வீதிப் பக்கம் 40 அடி, உள்ளே 82 அடி உள்ள காணியை முன்துண்டு பின்துண்டாக வெட்டினால், பின்னால் போக 10 அடி ஒழுங்கை விட வேண்டும். முன்துண்டில் ஒன்றரை பேர்ச் போய் நாலரைதான் மிஞ்சும். நீளவாக்கில் வெட்டினால் ஆளுக்கு 20 அடி அகலம், 6 பேர்ச். 6 மீற்றர் என்பது 19 அடி 8 அங்குலம். நாலு அங்குலத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் காணி கிடைக்கிறது, வேலி நகராமல் இருந்தால்.