கண்ணாடி மணி செய்யலாம் வாங்க (கலியாண வீட்டில் வெடிக்காத மணி)

மச்சாளுக்கு நான் செய்து கொடுத்த மாலையில் இருந்த நீல மணி ஒன்று, கலியாண வீட்டில் அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் தொடாமலே டிக் என்று இரண்டாகப் பிளந்து சோற்றில் விழுந்தது. செய்து மூன்று கிழமை ஆகியிருந்தது. பக்கத்தில் இருந்த மாமி என்னைப் பார்த்து, "என்ன புள்ள, கண்ணூறு பட்டிட்டா?" என்று கேட்டார். கண்ணூறு இல்லை, நான் மணியை ஆறவிட்ட விதம்தான் பிழை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் போனது, உங்களுக்குப் போக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சாமான்கள். கண்ணாடிக் கோல், சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்த சோடா லைம் வகையாக இருக்க வேண்டும். நான் வாங்குவது இத்தாலியின் முரானோவில் செய்யும் எஃபெட்ரே கோல்கள், 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிப்பு. அதன் விரிவு எண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்கிற அளவு) 104 என்று போட்டிருக்கும். ஒரே மணியில் 104 கோலோடு வேறு எண் உள்ள கண்ணாடியைக் கலக்காதீர்கள், இரண்டும் ஆறும்போது வேறு வேறு அளவில் சுருங்கி ஒன்றையொன்று உடைத்துவிடும். டோர்ச்சுக்கு (கண்ணாடியை உருக்குகிற காஸ் சுடர்க் கருவி), தொடங்குகிறவர்களுக்கு ஹொட் ஹெட் என்கிற வகை போதும். ஒட்சிசன் சிலிண்டர் தேவையில்லை, வெளிக்காற்றையே இழுத்துக்கொள்ளும். மெதுவாகத்தான் உருக்கும், சத்தமும் கூட, ஆனால் பிழை விடவும் அதே அளவு நேரம் தரும், அதனால் எனக்குப் பிடிக்கும். கண்ணுக்கு டிடிமியம் மூக்குக்கண்ணாடி கட்டாயம். உருகும் கண்ணாடியில் இருந்து வரும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை அது மறைத்தால்தான் சுடருக்குள் மணி தெரியும். கூலிங் கிளாஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், நான் நினைத்தேன். பொலியெஸ்டர் சால் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு பருத்தி உடுப்போடு இருங்கள், முடியைக் கட்டுங்கள்.

இடம்: எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. விறாந்தையில் வைத்துச் செய்தால் கச்சான் காற்று (வறுத்துத் தின்கிற கச்சான் கடலை இல்லை, வைகாசி ஆனியில் அடிக்கிற காற்று) சுடரை ஆட்டிக்கொண்டே இருக்கும். கதவை எல்லாம் பூட்டிக்கொண்டு செய்வது அதைவிட மோசம், புகையும் வாயுவும் வெளியே போகாது. மேசைக்குப் பின்னால் ஜன்னலில் வெளியே இழுக்கிற ஒரு ஃபேனை வைத்து, தலைக்கு மேலே உள்ள ஃபேனை நிறுத்திவிட்டேன், சரியாகிவிட்டது.

அடுத்தது கம்பி. 1.6 அல்லது 2.4 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பியை சாண்ட் பேப்பரால் தேய்த்து, பீட் ரிலீஸ் என்று விற்கிற களிப்பூச்சில் இரண்டு அங்குலம் முக்கி, நிற்க வைத்துக் காயவிடுங்கள். பூச்சு எருமைத் தயிரைக் கடைந்தது போல இருக்க வேண்டும். தண்ணியாக இருந்தால் கண்ணாடி நேராகக் கம்பியில் ஒட்டி, மணி ஒருநாளும் கழறாது. மார்கழி மழையில் காய ஒரு முழு நாள் எடுக்கும், பொறுங்கள்.

இனிச் சுற்றுவது. கோலின் நுனியைச் சுடரின் தூர முனையில் காட்டிக் காட்டிச் சூடாக்குங்கள், திடீரென்று உள்ளே விட்டால் கண்ணாடி தெறிக்கும். நுனி உருண்டையாகத் திரண்டதும், மறு கையில் உள்ள கம்பியின் பூச்சு மெல்லிய செம்மஞ்சளாக மினுங்கும்வரை சூடாக்கி, உருண்டையை அதில் தொட்டு, கம்பியை உங்களுக்கு எதிர்ப்புறமாகச் சுழற்றுங்கள். சுழல்வது கம்பி, கோல் அசையாமல் நிற்கட்டும். பிறகு கோலைச் சுடரால் அறுத்துவிட்டு, மணி வட்டமாகும்வரை நிறுத்தாமல் சுழற்றுங்கள், நிறுத்தினால் ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். மணியின் இரு முனையும் உள்ளே குழிந்து வர வேண்டும். கூராக நீண்டிருந்தால் கண்ணாடி போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சுற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த முனை நூலை அறுத்துவிடும். டோர்ச் வாய்க்கு மிகக் கிட்ட வைத்தால் டர்க்கைஸ் நிறம் கருகிச் சாம்பல் நிறமாகும், கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்.

(மன்னார் மாந்தையிலும் புதுச்சேரி அரிக்கமேட்டிலும் கிடைத்திருக்கிற பழைய இந்தோ பசிபிக் பாசிமணிகள் இப்படிச் சுற்றியவை இல்லை, குழாயாக இழுத்து நறுக்கியவை. அதையும் ஒருநாள் செய்து பார்க்க ஆசை.)

சரி, என்னை விழுத்திய இடத்துக்கு வருவோம். மணியை மெதுவாக ஆறவிட வேண்டும் என்று படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது கச்சான் வறுக்கிற மண்சட்டி. மண்ணைச் சட்டியில் சூடாக்கி மணிகளை அதற்குள் புதைத்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை, எனக்குப் பெரிய பெருமை. மூன்றாம் கிழமை கலியாண வீடு.

நடந்தது இதுதான்: வெளிப்புறம் முதலில் ஆறி இறுகிவிடுகிறது, உள்ளே பிறகு ஆறிச் சுருங்கும்போது வெளிப்புறம் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த இழுவிசை மணிக்குள்ளேயே தங்கி, ஒரு குளிர்ந்த தண்ணியிலோ சின்னத் தட்டலிலோ, சும்மா இருக்கும்போதோகூட வெடிக்கும். சூடான மண், வெர்மிகுலைட் (சூடு தாங்குகிற கனிமத் துகள்), சூடு தாங்குகிற ஃபைபர் போர்வை எல்லாம் உடனே வெடிக்காமல் பார்க்கும், அவ்வளவுதான். இழுவிசையை எடுக்க அனீலிங் வேண்டும், அதாவது ஒரே சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து மெல்ல மெல்ல ஆற்றுவது, அதற்கு மின்சாரச் சூளை வேண்டும். 104 கண்ணாடிக்கு நான் வைக்கிற கணக்கு: சூளையை முதலே 510 பாகை செல்சியசில் வைத்துக்கொள்வேன். மணியின் சிவப்பு மறைந்து பத்து வினாடி கழித்து கம்பியோடு உள்ளே. கடைசி மணி போன பிறகு 510இல் ஒரு மணித்தியாலம், பிறகு மணித்தியாலத்துக்கு 60 பாகை வீதம் 420 வரை, அதற்குப் பிறகு நிறுத்திவிட்டுத் தூங்கப் போவேன். விடிந்து சூளை முழுதாக ஆறும்வரை திறந்து பார்க்கக் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

காலையில் கம்பியைத் தண்ணியில் ஊறப்போட்டு, கம்பியைக் குறட்டால் பிடித்துக்கொண்டு மணியைத் திருகினால் கழறும். துளைக்குள் ஒட்டிய பூச்சை வைரத்தூள் அரத்தால் தண்ணிக்குள் வைத்தே சுரண்டுங்கள். காய்ந்த தூசி நுரையீரலுக்குக் கூடாது.

பின்சேர்க்கை 1: அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தங்கச்சி, சமையல் காஸ் சிலிண்டரில் அடுப்பு ரெகுலேட்டரோடு ஹொட் ஹெட்டைப் பூட்டினேன், சுடர் சோர்ந்து கிடக்கிறது என்றார். அந்த ரெகுலேட்டர் குறைந்த அழுத்தத்துக்கானது, டோர்ச்சுக்குப் போதாது. குழாயைக் கத்தரித்து ஒட்டிப் பார்க்க வேண்டாம். டோர்ச்சுக்கென்று விற்கிற மாப் புரோ (MAP-Pro) காஸ் சின்ன சிலிண்டரை வாங்குங்கள், செலவுதான்.

பின்சேர்க்கை 2: சோடாப் போத்தலை உடைத்துச் செய்யலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தனியாகச் செய்யலாம், 104 கோலோடு கலக்கக் கூடாது. உருகுவதற்குக் கூடச் சூடு வேண்டும், அனீலிங் வெப்பமும் 510ஐ விடக் கூட.

பின்சேர்க்கை 3: நடுவில் கரண்ட் போனால் சூளையைத் திறக்காதீர்கள். கரண்ட் வந்ததும், உடையாத மணிகளைக் குளிர்ந்த நிலையில் இருந்தே மணித்தியாலத்துக்கு 150 பாகை வீதம் ஏற்றி மறுபடி அனீல் செய்யலாம். மண்சட்டியில் ஆறவிட்ட பழைய மணிகளுக்கும் இதே வழிதான். மச்சாளிடம் மாலையைத் திருப்பி வாங்கி, மிச்சம் இருந்த 22 மணிகளையும் அப்படித்தான் சூளைக்குள் வைத்தேன். ஏற்றும்போதே இரண்டு போய்விட்டன.